மோவாபில் இருந்த தாய்

குழுப்படம் எடுக்கும்போதெல்லாம் அவரால் ஒரு தடங்கல் வரும். உயரமானவர்கள் பின்வரிசைக்குச் சென்று, பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, படம் எடுப்பவர் கையை உயர்த்திய பின்னர், அவர் வரிசையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. மிச்ச ஆக்கள் எங்க?"

மிச்ச ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். சமையலறையில் தேநீர்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர், கழிப்பறைக்குப் போன கிழவர், கணவனின் சக்கர நாற்காலியோடு மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் மனைவி. அவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை படம் எடுக்க விடமாட்டார். அதனால் எங்கள் வட்டத்தின் படங்கள் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் ஈரக் கையோடு நிற்பதைக் காணலாம்.

ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் புதன்கிழமைக் காலைகளில் கூடும் முதியோர் வட்டத்துக்கு நான் பல ஆண்டுகள் தலைவராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் உப அதிபராக ஓய்வு பெற்றவன். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிப்பதே நல்ல கூட்டம் என்ற கொள்கையை நான் கனடாவுக்கு வந்தும் விடவில்லை. ஆகையால் அந்தப் பெண்மணி எனக்கு நீண்ட காலம் ஓர் இடைஞ்சலாகவே தோன்றினார் என்பதை மறைப்பதற்கில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மகள் இதே நகரத்தில் மதிப்போடு வாழ்கிறார். வட்டத்தில் எல்லோரும் அழைத்தபடி ரீச்சர் என்றே நானும் குறிப்பிடுகிறேன்.

ரீச்சர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். பேராதனையில் கிரேக்க, உரோம வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர். அந்தப் பாடத்தைப் படித்த தமிழ்ப் பெண்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. ஊரில் கன்னியர் மடப் பாடசாலையில் வரலாறு கற்பித்தார். இங்கு வந்தபின் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றார். கணவர் கனடா வந்த சில ஆண்டுகளிலேயே காலமானார். ஒரே மகளைத் தனியாக வளர்த்தார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். தம்மைப் பற்றி அவர் பேசுவதில்லை.

வட்டத்தில் உடற்பயிற்சி முடிந்ததும் அங்கத்தவர் ஒருவர் அரை மணி நேரம் உரையாற்றுவது வழக்கம். நீரிழிவு, வருமான வரி, முழங்கால் சத்திரசிகிச்சை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறை இருந்தது. ரீச்சரின் துறை பண்டைய யூதர்கள். குறிப்புத்தாள் இல்லாமல், ஒரு தோடம்பழத்தை உரித்தபடியே பேசுவார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரும்; பேச்சும் அப்படித்தான். எங்கள் செயலாளர் ஒரு முன்னாள் தபாலதிபர், வாயை அடக்கத் தெரியாதவர். அவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ரீச்சர், எங்களுக்கேன் உந்த யூதற்ற கதை? எங்கட கதை போதாதோ?"

"எங்கட கதையைச் சொன்னா நீங்கள் சண்டைக்கு வருவியள் அண்ணை. அதுதான் ரெண்டாயிரத்து ஐநூறு வருசம் தள்ளி நிண்டு சொல்லுறன்."

நைல் நதியின் நடுவிலே ஒரு தீவில் வாழ்ந்த யூதப் படைவீரர்களைப் பற்றி முதன்முதலாக அவரிடம்தான் கேட்டறிந்தேன். பாரசீக மன்னனுக்காக எகிப்தின் தென் எல்லையைக் காத்தவர்கள். எருசலேமைத் தவிர வேறெங்கும் கோயில் கூடாது என்பது சட்டமாக இருக்க, இவர்கள் தங்கள் தீவிலேயே ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். எகிப்தியர்களோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள். ஒருநாள் அயலிலிருந்த எகிப்தியப் பூசகர்கள் அந்தக் கோயிலை இடித்துவிட்டார்கள். தீவிலிருந்தவர்கள் சாக்கு உடுத்தி, உபவாசமிருந்து, உதவி கேட்டு எருசலேமின் தலைமைக் குருவுக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை.

"அவையளுக்குத் தாங்கள் யூதர் எண்டதில ஒரு சந்தேகமும் இருக்கேல்லை," என்றார் ரீச்சர், ஒரு சுளையை வாயிலிட்டபடி. "எருசலேமுக்குத்தான் இருந்தது."

என்னோடு அவர் பொருதியது வேறொரு புதன்கிழமை. பாபிலோனில் சிறையிருந்து திரும்பிய யூதர்கள் எருசலேமில் கோயிலை மீண்டும் எழுப்பினார்கள். பின்பு, அயலினப் பெண்களை மணந்தவர்கள் அப்பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சனம் முற்றத்தில் கூடி நடுங்கிக்கொண்டிருந்த அந்த நாளில் பெருமழை பெய்தது என்பதும் வேதத்திலே இருக்கிறது. ரீச்சர் இதைச் சொல்லி முடித்ததும், தலைவர் என்ற முறையில் நான் எழுந்து மறுமொழி கூறினேன். ஒரு சிறிய இனம் பெரிய இனங்களுக்கு நடுவே கரைந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் எங்காவது ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். அன்று அவர்கள் அப்படிச் செய்யாவிட்டால் இன்று யூதர் என்றொரு இனமே இருந்திராது என்றேன். கைதட்டல் கிடைத்தது.

"ஓம் மாஸ்டர். நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி," என்றார் ரீச்சர்.

நான் அமர்ந்தேன்.

"ஆனா அண்டைக்கு மழை. அந்தப் பெண்டுகள் பிள்ளையளையும் கொண்டு எந்தப் பக்கம் போனவை?"

அவருடைய முறை அதுதான். எவரையும் மறுக்கமாட்டார். நாம் சொன்னதை ஏற்றுக்கொண்ட பின்னர், அதில் இடமில்லாமல் போன ஒருவரைப் பற்றி மட்டும் விசாரிப்பார். நாங்கள் ஒரு வட்டம் கீறினால் அவர் அதற்கு வெளியே நிற்கும் ஆளின் சுகம் கேட்பார். வரலாற்றில் மாத்திரமல்ல. ஒரு கலியாண வீட்டுக்குப் போனாலும் மணமகனின் தள்ளிவைக்கப்பட்ட சித்தப்பாவை எங்கிருந்தாவது கண்டுபிடித்து அவரருகே உட்கார்ந்து சாப்பிடுவார். அவரை அழைப்பது எப்போதும் ஓர் அபாயம்.

அந்தக் கேள்வி எங்கள் நெஞ்சுக்கு மிக அருகே வந்த நாளும் உண்டு. செயலாளர் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு பற்றி உருக்கமாகப் பேசினார். யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து பாலத்தைக் கடந்த கதை. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஒராள் மிச்சமில்லாமல் எல்லாரும் வெளிக்கிட்டனாங்கள்," என்று முடித்தார்.

"அதுக்கு ஐஞ்சு வருசம் முந்தி வெளிக்கிட்ட ஆக்கள்?" என்று கேட்டார் ரீச்சர்.

எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு முஸ்லிம் இருந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்திலே கடை வைத்திருந்தவர். இங்கே இறைச்சிக் கடை நடத்தி, இப்போது மகன்மாரிடம் ஒப்படைத்துவிட்டவர். ஹாஜியார் என்போம். தொண்ணூறாம் ஆண்டு, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இட்ட கட்டளையால், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் பேசியதும் எங்கள் தமிழ்தான். ஹாஜியாரே முதலில் வாய் திறந்தார்.

"விடுங்கோ ரீச்சர். உதுகளை விடப் பசி பெரிசு. புட்டு ஆறுது."

எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை.

"நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன், ஹாஜியார்."

ஹாஜியார் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பின்பு, இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "கடையைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டாரிட்டக் குடுத்தன். நல்ல சனம். வாங்கினவை. ஒண்டும் சொல்லேல்லை. அவையும் என்னத்தைச் சொல்லுறது?"

அன்று புட்டு ஆறித்தான் போயிற்று. ஆனால் அதன் பிறகு ஹாஜியார் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. செயலாளர்கூட அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கினார்.

எங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வட்டத்தில் அடிக்கடி எழும். கோயிலிலே பேரப்பிள்ளைகள் தமிழ்ச் செபத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து வாசிக்கிறார்கள் என்று செயலாளர் ஒருமுறை பொருமினார். "வெக்கக்கேடு. உதைவிட வாசிக்காமலே விடலாம்." ரீச்சர் அதற்கு அலெக்சாந்திரியாவைக் கொண்டுவந்தார். அந்தப் பட்டணத்து யூதர்கள் எபிரேயத்தை மறந்துவிட்டவர்கள். வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்து, கிரேக்கத்திலேயே செபித்தார்கள். மொழிபெயர்ப்பு முடிந்ததை நினைத்து ஆண்டுதோறும் கடற்கரையில் கூடி விருந்துண்டு கொண்டாடினார்கள். பிற்காலத்தில் வேறிடத்து யூத அறிஞர்கள் சிலர் அதே மொழிபெயர்ப்பை, சனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய நாளுக்கு ஒப்பான துயரம் என்றார்கள். "ஒரே அலுவல்தான். ஒரு ஊரில திருநாள், மற்ற ஊரில செத்தவீடு," என்றார் ரீச்சர். "ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. உங்கட பேரன் ஆங்கில எழுத்தில எண்டாலும் வாசிக்கிறானே அண்ணை, அவனுக்கு ஒரு தோடம்பழம் குடுங்கோ."

அவருடைய மகள் ஒரு மருந்தாளர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றாலும் தாயோடு தமிழில்தான் கதைப்பாள். அவள் ஒரு யூத வாலிபனை மணக்க விரும்புகிறாள் என்ற செய்தி வட்டத்துக்கு எட்டியபோது, என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரீச்சரே அதையும் எளிதாக்கினார். கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார் விருந்துக்கு அந்தத் தம்பியை அழைத்து வந்தார்.

எங்கள் நத்தார் விருந்தில் பன்றி இறைச்சிக் கறியே பிரதானம். அது யாருடைய சதியுமல்ல, வழக்கம். கறிச்சட்டி மேசைக்கு வந்ததும் அந்தத் தம்பி மரியாதையாகத் தன் தட்டை இழுத்துக்கொண்டார். மேசையின் மறு அந்தத்தில் அவித்த முட்டையோடு தனியே இருந்த ஹாஜியார் உற்சாகமாகக் கையசைத்தார்.

"தம்பி, இஞ்சால வாரும். இத்தனை வருசமா இந்த மூலையில நான் தனிய. இப்பதான் ஆள் கிடைச்சிருக்கு."

இருவரும் முட்டையைப் பகிர்ந்து உண்டார்கள். ரீச்சரின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை. மகள் யூத மதத்தைத் தழுவப் போகிறாள் என்பதையும் அவரே எங்களுக்குச் சொன்னார். அதிலும் அவருக்கு வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை. உரோமாபுரியிலே எழுபது வயதில் யூத மதத்தைத் தழுவி, சாரா என்று பெயர் சூடிக்கொண்ட ஒரு மூதாட்டியின் கல்லறை எழுத்தைப் பற்றி அந்த வாரமே உரையாற்றினார். தங்கள் கோயில்களுக்குப் போவதை விடாமலே யூதரின் கடவுளையும் வணங்கிய கிரேக்கர்களைப் பற்றியும், யூதத் தொழுகைக்கூடத்தின் வாசலிலேயே நின்று செபம் கேட்டவர்களைப் பற்றியும் சொன்னார். மகள் ஓராண்டுக்கு மேல் படித்தாள். தாய் அவளுக்குப் பாடம் கேட்டுப் படிப்பித்தார் என்றுகூடக் கேள்விப்பட்டேன்.

கலியாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில் மகள் என்னைத் தேடி வந்தாள். லோரன்ஸ் வீதியிலுள்ள ஒரு கோப்பிக் கடையில் இருந்து பேசினோம். அவள் அழவில்லை, ஆனால் கோப்பியைத் தொடவுமில்லை.

"அம்மா வெடிங்குக்கு வரமாட்டாவாம் அங்கிள்."

"ஏன் பிள்ளை?"

யூதர்களுடைய கலியாணத்தில் ஒரு திருமண ஒப்பந்தம் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிப்பார்கள். மணமகன் இன்னாரின் மகன், மணமகள் இன்னாரின் மகள் என்று அதில் வரும். மதத்தைத் தழுவி வந்தவர்களுக்குப் பெற்ற தகப்பனின் பெயர் எழுதப்படுவதில்லை. ஆபிரகாமின் மகள் என்றே எழுதுவார்கள். எங்கிருந்து வந்தவராயினும் அவர்களை அந்தக் குலத்தில் பிறந்தவர்களாகவே கொள்வது என்பது அதன் பொருள். மகள் இதைச் சொல்லி வைத்தபோது தாய் கேட்ட கேள்வி ஒன்றுதானாம்: "அப்பான்ர பேர் எங்க?"

"இட்ஸ் அன் ஒனர், அங்கிள். எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுறது. எனக்கு மட்டும் இல்லை. நீங்கள் சொன்னா அம்மா கேப்பா."

நான் சொன்னால் அந்தப் பெண்மணி கேட்பார் என்று நம்பிய ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். ஆயினும் போனேன். கதவைத் திறந்த ரீச்சர், "ஓ, மாஸ்டர் தூது வந்திருக்கிறார். இருங்கோ, பிளேன்ரீ ஊத்துறன்," என்றார்.

நான் வாதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு போயிருந்தேன். சட்டப்படி பிள்ளையின் பெயர் மாறவில்லையே, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் அப்படியே இருக்கிறதே என்று தொடங்கினேன்.

"கடவுளுக்கு முன்னால பாஸ்போட்டே காட்டுறது, மாஸ்டர்?"

பிறகு அவரே பேசினார். "அவர் போகேக்க அவளுக்கு அவற்ற முகமே ஞாபகமில்லாத வயசு. ஒரு படம், ஒரு கோட்டு, அவ்வளவுதான் இருந்தது. ஆனா பேர் இருந்தது. எங்கட வழக்கம்தானே, தகப்பன்ர பேர் பிள்ளைக்குப் பின்னால வாறது. பள்ளிக்கூடத்தில வரவு டாப்பு கூப்பிடேக்க அந்தப் பேரைத்தான் கூப்பிட்டவை. பிழையாத்தான் கூப்பிட்டவை. எண்டாலும் செத்த மனிசனை ஒவ்வொரு நாளும் ஆரோ கூப்பிட்டினம். இப்ப எல்லாற்ற முன்னாலயும் நிண்டு, அவள் வேற ஒராளின்ர மகள் எண்டு வாசிக்கப் போறினம். நான் முன்வரிசையில இருந்து தலையாட்ட வேணும்."

"அது ஒரு மரியாதை எண்டுதானே அவையள்..."

"எனக்குத் தெரியாதே மாஸ்டர்? எத்தினை புதன்கிழமை நானே அதைப் புகழ்ந்து சொன்னன். அவை செய்யிறதில பிழை இல்லை. அதுதான் எனக்குக் கரைச்சல். பிழையெண்டால் சண்டை பிடிக்கலாம். ஆபிரகாமிட்ட எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா அவளுக்கு அம்மை வந்து கிடக்கேக்க வேப்பிலைக்கு அலைஞ்சது ஆபிரகாமே?"

ரொறன்ரோவில் வேப்பிலைக்கு அலைந்திருக்கிறார் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கையிலிருந்த கடைசி வாதத்தை எடுத்தேன். அவருடைய ஆயுதம் அது.

"நீங்களே சொன்ன கதைதானே ரீச்சர். புருசன் செத்த பிறகும் யூத மாமியை விடாமல் பெத்லகேமுக்கு வந்த அந்த மோவாபு நாட்டு மருமகள். மாமியின்ர சனத்தைத் தன்ர சனமா எடுத்தவ. தாவீது அரசனே அவவின்ர வழியில வந்தவர். வெளியில இருந்து வந்த பெண்ணுக்கு அதைவிடப் பெருமை வேற என்ன?"

ரீச்சர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த மாமி முதல் என்ன சொன்னவ எண்டு ஞாபகமே? என்னோட வராதை, உன்ர தாய் வீட்டுக்குத் திரும்பிப் போ எண்டு. தாய் வீடு எண்டா, அங்க ஒரு தாய் இருந்திருக்கிறா. மோவாபில. பிள்ளை விதவையாப் போனாள், இனித் திரும்பி வருவாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பா. பிள்ளை வரேல்லை. தாயின்ர பேரை ஆரும் எழுதி வைக்கேல்லை." தேநீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். "ஊரெல்லாம் மிச்ச ஆக்களைத் தேடினன். இப்ப நான்தான் மாஸ்டர் மிச்சம்."

நான் எழுந்து விடைபெற்றேன். கல்லூரியில் எத்தனையோ பேரின் வாதங்களை உடைத்தவன். அன்று போன தூதை முடிக்காமலே படியிறங்கினேன்.

கலியாணத்துக்கு ஹாஜியாரும் நானும் போனோம். நகரத்தின் வடபகுதியிலிருந்த ஒரு தொழுகைக்கூடம். வாசலில் எனக்கு ஒரு சிறு குல்லா தந்தார்கள், தலையில் வைத்துக்கொண்டேன். ஹாஜியார் தமது தொப்பியோடேயே வந்திருந்தார். அந்தக் கோலத்தில் நான் நிற்கும் படம் பின்னர் எங்கள் பங்குச் சனத்தின் கைபேசிகளில் சுற்றியது. "மாஸ்டரும் மாறிட்டாரோ?" என்று யாரோ கேட்டார்களாம். அப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் பதிலளிப்பதில்லை.

மணமக்களை இருபுறமும் பெற்றோர் கைபிடித்து விதானத்தின் கீழ் அழைத்து வருவது அவர்களுடைய வழக்கம். மணமகன் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே நடந்து வந்தார். பிள்ளை தனியே நடந்து வந்தாள். அந்த மண்டபத்தின் நீளத்தை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். ஒப்பந்தத்தை அரமேய மொழியில் வாசித்தார்கள். நைல் நதித் தீவிலிருந்த அந்தப் படைவீரர்கள் தங்கள் கலியாண ஒப்பந்தங்களை எழுதிய மொழி. ஆபிரகாமின் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. பிள்ளை அப்போது கண்களை மூடிக்கொண்டாள். அது செபமோ வேறெதுவோ, அறியேன்.

அடுத்த புதன்கிழமை ரீச்சர் வழக்கம்போல வந்தார். கலியாணம் எப்படி என்று கேட்கவில்லை. ஹாஜியார் தாமாகவே, "பிள்ளை வடிவா இருந்தவள் ரீச்சர். சாப்பாடும் நல்லம், நான் பயப்பிடாமச் சாப்பிட்டன்," என்றார். ரீச்சர் தலையசைத்தார். அன்றிலிருந்து அவர் உரையாற்றவில்லை. கேட்டால், தொண்டை சரியில்லை என்பார். யாராவது "எங்கட ஆக்கள்" என்று பேசும்போது எங்கள் கண்கள் தாமாகவே அவர் பக்கம் திரும்பும். அவர் பேசாமல் தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பார். கூட்டங்கள் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்தன. நான் பல ஆண்டுகள் விரும்பிய ஒழுங்கு அது. அது கைகூடியபோது எனக்கு அதில் ஒரு சுவையும் இருக்கவில்லை.

தாயும் மகளும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. மகள் மருந்து கொண்டுவந்து கொடுப்பாள்; தாய் மீன் பொரித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் மகளின் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை விருந்துக்கு வரும்படி மகள் அழைப்பாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கு ஏதாவது ஓர் அலுவல் இருக்கும்.

ஒரு மாரி காலத்தில், பேருந்துத் தரிப்பிடத்தில் நாங்கள் இருவரும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தபோது, அவர் திடீரென்று சொன்னார்.

"நான் போயிருக்கலாம் மாஸ்டர்."

பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி மேலும் சொன்னார்.

"ஆபிரகாமின்ர மகள் எண்டு அவை வாசிக்கட்டும். நான் பின்வரிசையில இருந்து அவற்ற பேரை மனசுக்குள்ள சொல்லியிருக்கலாம். ஆருக்குக் கேக்கப்போகுது?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருசம் அவையின்ர பாஸ்காப் பெருநாள் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். போறன் எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்கு அவைக்கு ஆகாததால புளிச்ச மாப் பண்டம் ஒண்டும் கொண்டு போகேலாது. பழம்தான் வாங்க வேணும்."

"நல்லது ரீச்சர்," என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். பேருந்து வந்துவிட்டது.

பாஸ்காவுக்குச் சில வாரங்கள் இருக்கையில் ரீச்சர் மாரடைப்பால் இறந்தார்.

எங்கள் கோயிலில் பூசை நடந்தது. ஸ்காபரோவின் வட எல்லையிலுள்ள கத்தோலிக்க மயானத்தில், கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். பனி உருகி மீண்டும் இறுகிய நிலம். ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு நாங்கள் விலகினால், மிகுதியை மயானப் பணியாளர்கள் இயந்திரத்தால் நிரப்பிவிடுவார்கள். அதுதான் இங்கே நடைமுறை. குரு செபத்தை முடித்ததும் மகள் முன்னால் வந்தாள். அவள் பிடி மண் எடுக்கவில்லை. மண்மேட்டில் குத்தி நின்ற, மண் அள்ளும் சவளை எடுத்தாள். அதைத் தலைகீழாகத் திருப்பி, குழிவான பக்கம் கீழே போக, முதுகுப் பக்கத்தால் மண்ணை அள்ள முயன்றாள். பெரும்பகுதி சரிந்து விழுந்தது. தங்கியது ஒரு கட்டி. அதைப் பெட்டியின் மேல் போட்டாள். மறுபடியும் அப்படியே அள்ளினாள்.

"பாவம், சவள் பிடிக்கவும் பழக்கேல்லை," என்று செயலாளர் என் காதருகே சொன்னார். "ஆராவது வாங்கிப் போடுங்கோவன்."

நான் முன்னால் சென்று கையை நீட்டினேன். அவள் சவளை என் கையில் தரவில்லை. அதை மண்மேட்டில் குத்தி நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். பின்னாலிருந்தவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைவரின் கையில் கொடுப்பதற்குக்கூட மரியாதை இல்லையா என்று யாரோ நினைத்திருக்கலாம். ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"கையில தரக்கூடாது அங்கிள்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "துக்கத்தை ஆளிட்ட இருந்து ஆளுக்குக் குடுக்கக் கூடாதாம். நீங்களாத்தான் எடுக்க வேணும்."

"மற்றப் பக்கத்தால ஏன் பிள்ளை அள்ளினனீர்?"

"எங்கட சைட்டில அப்பிடித்தான். இது விருப்பமில்லாமச் செய்யிற வேலை எண்டு காட்டுறதுக்கு." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "அம்மாவைக் கெதியா மூட எனக்கு விருப்பமில்லை."

நான் சவளைப் பிடுங்கி எடுத்தேன். திருப்பினேன். என் வயதில் அது எளிதான காரியமல்ல, மண் நிற்கவேயில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் நின்றது. போட்டுவிட்டு மேட்டில் குத்தினேன். ஹாஜியார் வந்தார், அவரும் திருப்பியே அள்ளினார். பிறகு மருமகன். பிறகு செயலாளர் வந்து சவளைச் சரியாகப் பிடித்தார், அந்தப் பிள்ளையைப் பார்த்தார், திருப்பிக்கொண்டார்.

எங்கள் வட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து அள்ளினார்கள். இயந்திரத்தோடு காத்து நின்ற பணியாளர்கள் இருவரும் அதை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். மாலைக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. மண் மெல்ல மெல்லத்தான் விழுந்தது, ஒருவரும் அவசரப்படவில்லை.